சுகர் இருக்கிறவருக்கு ஜிம்மில் கண் இருட்டினால் மாஸ்டர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன ஜிம்மில் நாலு வருஷமாக மாஸ்டராக இருக்கிறேன். போன மாதம் ஒரு அண்ணன் சேர்ந்தார். வயது 46, எடை 88 கிலோ, உயரம் 168 செ.மீ. காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துச் சில்லறை வியாபாரிகளுக்குக் கொடுப்பவர். ராத்திரி 2 மணிக்கு எழுந்து வேலைக்குப் போய், 6.30க்கு அங்கிருந்து நேராக ஜிம்முக்கு வருவார். சுகரும் பிரஷரும் இருக்கிறது, மாத்திரை போடுகிறேன், கன்ட்ரோலில் இருக்கிறது என்று சேரும்போது சொன்னார். ரெண்டாவது வாரம் பஸ்கி (உட்கார்ந்து எழுவது) 50, பர்பி (குந்தி, தண்டால் போட்டு, எழுந்து குதிப்பது) 20 முடித்து லெக் பிரஸ் (காலால் எடையைத் தள்ளும் மெஷின்) போட்டுக்கொண்டிருக்கும்போது வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். டீயும் பிஸ்கெட்டும் வாங்கிக் கொடுத்தோம். தெளிய அரை மணி நேரம் ஆனது. "பழக்கமில்ல மாஸ்டர், அதான்" என்றார். ஓனர், ரிஸ்க் வேணாம், பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிடு என்கிறார். அண்ணனோ ஆறு மாதத்தில் மகள் கல்யாணம், 15 கிலோ குறைக்கணும், ஃபேட் பர்னர் (கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கிற மாத்திரை) ஏதாவது சொல்லு என்கிறார். மாத்திரை அட்டையை போட்டோ அனுப்பச் சொன்னேன். கிளிமிபிரைட் 2, மெட்ஃபார்மின் 500, வோக்லிபோஸ் 0.2 மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. காலை 5 மணிக்கு டீயோடு போடுகிறார். பிரஷருக்கு அடினோலால் 50. இவருக்கு நான் பயிற்சி கொடுக்கலாமா? எப்படிக் கொடுப்பது? சாப்பாட்டுக்கு என்ன சொல்வது?

பதில்: தம்பி, கொடுக்கலாம். இவருக்கு மாத்திரைக்குச் சமமான இன்னொரு மருந்து உடற்பயிற்சிதான். அது கிடைக்கிற இடத்திலிருந்து அவரை அனுப்பிவிடாதீர்கள். ஆனால் டாக்டரைப் பார்த்து ஈ.சி.ஜி. எடுக்கும்வரை அவர் கையில் எந்த வெயிட்டும் கொடுக்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

அன்றைக்கு நடந்தது பெரும்பாலும் லோ சுகர், அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியது. நீங்கள் அனுப்பிய மாத்திரைப் பெயர்களிலேயே பாதிக் கதை இருக்கிறது. கிளிமிபிரைட், கணையத்தைப் பிடித்துத் தள்ளி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. அதனால்தான் அதை அன்றைய முதல் முழுச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்வார்கள். இவர் டீயோடு போட்டிருக்கிறார். அதற்கு முன்பே மூன்று மணி நேரம் பெட்டி தூக்கி, இழுத்து, நின்றே வேலை பார்த்தாயிற்று. அதன் மேல் நீங்கள் பஸ்கியும் பர்பியும் கொடுத்திருக்கிறீர்கள். தொடைத் தசை வேலை செய்யும்போது இன்சுலின் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சும். வழக்கமாகக் கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்து ஈடுகட்டும். ஆனால் மாத்திரையால் ஏறியிருக்கிற இன்சுலின் அந்தக் கல்லீரலையும் கட்டிப்போட்டுவிடும். இரண்டு பக்கம் செலவு, வரவே இல்லை. பழக்கமில்லாததால் வருகிற களைப்பில் மூச்சு வாங்கும், தொடை கடுக்கும். உடம்பு சில்லென்று வேர்த்துக் கை நடுங்காது.

தெளிய ஏன் அரை மணி ஆனது? வோக்லிபோஸ் அதற்கு ஒரு காரணம். அது குடலில் மாவுச்சத்தையும் நாம் டீயில் போடுகிற சர்க்கரையையும் உடைக்கிற நொதிகளை மந்தப்படுத்தும். சாப்பிட்டவுடன் சுகர் குபீரென ஏறாமல் இருக்கத்தான் அதைக் கொடுக்கிறார்கள். அதே காரணத்தால், சுகர் இறங்கிய நேரத்தில் டீச் சர்க்கரையும் பிஸ்கெட்டும் மெதுவாகத்தான் ரத்தத்துக்குப் போய்ச் சேரும். வோக்லிபோஸ் அல்லது அதே வகையான அகார்போஸ் போடுகிறவருக்கு லோ சுகர் வந்தால் குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்க வேண்டும். குளுக்கோஸை உடைக்க வேண்டியதில்லை, அப்படியே ஏறும். உங்கள் கவுண்டரில் ஒரு டப்பா எப்போதும் இருக்கட்டும், சின்ன டப்பா போதும்.

இனி, ஈ.சி.ஜி. ஏன்? அன்றைக்கு யாரும் குளுக்கோமீட்டரில் பார்க்கவில்லை. சுகரும் பிரஷரும் உள்ள 46 வயது ஆளுக்கு, உடம்பை வருத்தும் நேரத்தில் குளிர்ந்த வியர்வையும் கண் இருட்டலும் வந்தால் அது இதயமாகவும் இருக்கலாம். சர்க்கரை நோயில் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலேயே மாரடைப்பு வருவதுண்டு. மூச்சுத் திணறல், தாடை வலி, இடது கை குடைச்சல், இல்லை வெறும் வியர்வை என்று வந்து நிற்கும். லோ சுகர் என்றே நாம் கணித்தாலும், இதயம் இல்லை என்று உறுதி செய்வது டாக்டர் வேலை. அவர் ஏற்கெனவே பார்க்கிற டாக்டரிடம் போகட்டும். அல்லது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஸ்டான்லி ஆஸ்பத்திரி புறநோயாளிப் பிரிவிலோ காட்டட்டும். அங்கே காசு கேட்க மாட்டார்கள், காலை நேரம் மட்டும் ஒதுக்க வேண்டும்.

போகும்போது ஒரு துண்டுச் சீட்டு நீங்களே எழுதிக் கொடுங்கள். நோயாளி வாயால் சொன்னால் "லேசா தலை சுத்துச்சு டாக்டர்" என்பதோடு முடிந்துவிடும். இப்படி எழுதுங்கள்: "தேதி இது. காலை 5 மணிக்கு மாத்திரை, சாப்பாடு இல்லை. 6.50க்கு லெக் பிரஸ் செய்யும்போது குளிர்ந்த வியர்வை, நடுக்கம், கண் இருட்டல். டீ, பிஸ்கெட்டுக்குப் பின் 30 நிமிடத்தில் சரியானது. சுகர் பார்க்கவில்லை. வாரம் 3 நாள் மாலை 5 மணிக்கு மிதமான வெயிட் பயிற்சி கொடுக்க இருக்கிறேன். மாத்திரை நேரமோ அளவோ மாற்ற வேண்டுமா? இதயம், கண், பாதம், சிறுநீரகம் பார்த்துச் சொல்லவும்." கடைசி வரி முக்கியம். விழித்திரையில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால், மூச்சைப் பிடித்துத் தூக்குவதும், குதிப்பதும், தலை கீழாக இருக்கிற பயிற்சியும் கண்ணுக்குள் ரத்தக் கசிவை உண்டாக்கலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் புரதத்தை ஏற்றச் சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்து, பாதியாக்கு என்று நீங்கள் ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்தக் கேள்வியை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உங்கள் பங்கு.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு முதலில் மாற்ற வேண்டியது நேரம். ராத்திரி 2 மணியிலிருந்து வேலை செய்துவிட்டு வெறும் வயிற்றோடு வருகிறவருக்குக் காலை 6.30 ரொம்பக் கெட்ட நேரம். மாலை 5 மணிக்கு மாற்றுங்கள். மதியம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, 4 மணிக்கு இரண்டு இட்லியோ, ஒரு வாழைப்பழமும் ஒரு கை சுண்டலுமோ சாப்பிட்டு வரட்டும். அதில் ஏறக்குறைய 25 கிராம் மாவுச்சத்து கிடைக்கும். கிழமையைப் பொறுத்தவரை திங்கள், புதன், வெள்ளி நல்லது. சனி ராத்திரியும் ஞாயிறு காலையும் காசிமேட்டில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த இரண்டு நாளில் அவரிடமிருந்து எதையும் எதிர்பார்க்காதீர்கள். பயிற்சி செய்த தசை அதற்கப்புறமும் ஒரு நாளைக்கு மேல் இன்சுலின் சொல்வதை நன்றாகக் கேட்கும். அதனால் சுகர்காரருக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பார்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிட நடை போதும், அந்த இடைவெளி அடைபட்டுவிடும்.

ஒவ்வொரு நாளும் ஆரம்பிக்கும் முன் சுகர் பாருங்கள். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு. பழம் சாப்பிட்ட கையோடு குத்தினால் பொய்யாக ஏறிக் காட்டும், வியர்வை ஈரம் இருந்தாலும் கணக்கு கெடும். 70க்குக் கீழே என்றால் அன்றைக்குப் பயிற்சியே கிடையாது, லோ சுகருக்கான வைத்தியம் மட்டும். 70க்கும் 90க்கும் நடுவில் என்றால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் உட்கார வைத்து, மறுபடி பார்த்து 90க்கு மேல் போன பிறகு தொடங்குங்கள். 90 முதல் 250 வரை தாராளமாகத் தொடங்கலாம். 250க்கு மேல் என்றால் காய்ச்சல், வாந்தி, அதிக தாகம், அசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பயிற்சி வேண்டாம், டாக்டரிடம் போகட்டும். எதுவும் இல்லையென்றால் தண்ணீர் குடிக்க வைத்து லேசாக நடக்க வைக்கலாம். 300 தாண்டினால் நன்றாக இருக்கிறேன் என்று அவரே சொன்னாலும் அன்றைக்கு வெயிட் வேண்டாம். முந்தைய 24 மணி நேரத்தில் அடுத்தவர் உதவி தேவைப்படுகிற அளவுக்கு லோ சுகர் வந்திருந்தாலும் அன்றைக்கு விடுமுறை.

பிரஷரையும் கூடவே பாருங்கள். டீ குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், பேசக்கூடாது. அவர் புஜம் பருமனாக இருந்தால் பெரிய பட்டை வாங்குங்கள். சின்னப் பட்டையில் இல்லாத பிரஷர் எல்லாம் தெரியும். 160/100 தாண்டினால் நடையோடு நிறுத்தி டாக்டருக்குத் தெரியப்படுத்துங்கள். 180/110 தாண்டினால் அதுவும் வேண்டாம், அன்றைக்கே காட்டச் சொல்லுங்கள்.

அடினோலால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய மாஸ்டர்கள் தடுக்கி விழுகிற இடம் இது. 220லிருந்து வயதைக் கழித்து வருகிற 174ஐ வைத்துக்கொண்டு நாடித் துடிப்பு 120ஐ எட்டட்டும், 130ஐ எட்டட்டும் என்று இவரை ஓட்டாதீர்கள். அந்த மாத்திரை இதயத் துடிப்பை ஏற விடாது. நாடி 105தான் காட்டும், மனிதர் நாக்குத் தள்ளிக்கொண்டிருப்பார். பேச்சை அளவுகோலாக வையுங்கள். ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. பத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று கேட்டால் 5, 6 என்று சொல்ல வேண்டும். லோ சுகர் வரும்போது எச்சரிக்கிற படபடப்பையும் நடுக்கத்தையும் இதே மாத்திரை பெருமளவு அமுக்கிவிடும். அது மறைக்காத முக்கிய அடையாளம் வியர்வை. உங்கள் ஜிம்மில் ஷீட் கூரை என்றால் மே மாதத்தில் எல்லாருக்கும் வேர்க்கும், அதில் இவருடைய வியர்வையைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். வெக்கையில் வருகிற வியர்வை சூடாக இருக்கும், முகம் சிவந்திருக்கும். சுகர் இறங்கினால் நெற்றியும் கழுத்தும் சில்லென்று பிசுபிசுக்கும், முகம் வெளுக்கும், கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமாக வரும், சிலர் காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள். செட்டுக்கு நடுவில் ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டே இருங்கள். இன்றைக்கு வஞ்சிரம் என்ன விலை போனது என்று கேட்டால் போதும். அந்தக் கேள்விக்கு அவர் யோசித்தார் என்றால் உட்கார வைத்துச் சுகர் பாருங்கள்.

வந்துவிட்டால்: உடனே நிறுத்தி உட்கார வைத்து, 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், அதாவது மூன்று டீஸ்பூன் நிறைய, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். 70க்கு மேல் போகவில்லையென்றால் இன்னொரு முறை. சாக்லேட், பால், பிஸ்கெட் முதல் உதவி ஆகாது. கொழுப்பு கலந்த இனிப்பு வயிற்றை விட்டு இறங்கவே நேரம் பிடிக்கும். சுகர் ஏறின பிறகு இட்லியோ, ரொட்டியோ, சாதமோ கட்டாயம் சாப்பிட வேண்டும், ஏனென்றால் கிளிமிபிரைட் பல மணி நேரம் வேலை செய்யும், ஏறின சுகரை மறுபடி இறக்கும். தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போக விடாதீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரண்டாவது முறை கண் இருட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100லிருந்து 120 முறை, 5 செ.மீ. ஆழம் அமுங்கும்படி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் ஜிம்மில் எந்த ஷிஃப்டிலும் இதைச் செய்யத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். ஓனர் ரிஸ்க் என்று பயப்படுவது நியாயம்தான். ஆனால் இந்த அண்ணனை அனுப்பிவிட்டால் அது போய்விடாது; உங்கள் ரெஜிஸ்டரில் சுகர் இருப்பதைச் சொல்லாமல் சேர்ந்தவர்கள் இருப்பார்கள், தனக்கு இருப்பதே தெரியாதவர்களும் இருப்பார்கள். குளுக்கோமீட்டர், பிரஷர் மெஷின், குளுக்கோஸ் டப்பா மூன்றையும் வாங்கி வைத்தால் அவர்கள் எல்லாருக்கும் சேர்த்துப் பாதுகாப்பு.

பயிற்சிக்கு வருவோம். சேர்ந்த புதிதிலேயே பஸ்கி 50, பர்பி 20 என்பது நம் பக்கத்து ஜிம்களில் ஊறிப்போன வழக்கம். ஆள் தாங்குகிறாரா என்று பார்க்கிற சோதனை அது. அதனால் தசைக்கு லாபமில்லை. பழக்கமில்லாத தொடைக்கு அளவுக்கு மீறிக் கொடுத்தால் தசை சிதைந்து, சிறுநீர் கோலா நிறத்தில் போய், சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கும். அப்படி நிறம் மாறினால் உடனே ஆஸ்பத்திரி. இவருக்கு முதல் நாலு வாரம் பஸ்கி எண்ணிக்கை வேண்டாம், பர்பி வேண்டவே வேண்டாம். சட்டென்று கீழே போய் எழும்புவது பிரஷர் மாத்திரை போடுகிறவருக்குத் தலையைச் சுற்ற வைக்கும்.

எட்டிலிருந்து பத்து நிமிடம் ட்ரெட்மில்லில் மணிக்கு 4, 5 கி.மீ. வேகத்தில் நடக்கட்டும். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து எழுவது. பெஞ்சு 50 செ.மீ. உயரம் இருக்கட்டும், தாழ்வாக இருந்தால் மேலே ஒரு பிளேட் வைத்து உயர்த்துங்கள். பாதம் தோள் அகலம், முட்டி கால் விரல் நோக்கிப் போக வேண்டும், உள்ளே சாயக்கூடாது. இறங்க மூன்று நொடி, எழும்போது மூச்சு வெளியே. 12 முறை. அடுத்து லேட் புல்டவுன் (மேலிருந்து கம்பியைக் கீழே இழுப்பது) அல்லது சீட்டட் ரோ (உட்கார்ந்து வயிற்றை நோக்கி இழுப்பது). அதற்கடுத்து தண்டால், ஆனால் தரையில் வேண்டாம். ஸ்மித் மெஷின் (கம்பி மேலும் கீழும் மட்டும் ஓடும் சட்டம்) கம்பியை இடுப்பு உயரத்தில் வைத்துச் சாய்ந்தபடி.

நான்காவதாக வருவதைத்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். இவர் தினமும் ஐஸோடு மீன் பெட்டி தூக்குகிறவர். குனிந்து முதுகை வளைத்துத் தூக்குவது பல வருஷப் பழக்கமாக இருக்கும். ஒரு கம்பை முதுகில் பிடிக்கச் சொல்லுங்கள். பின்மண்டை, தோள்களுக்கு நடுவே, இடுப்பெலும்பு மூன்றிலும் கம்பு ஒட்டியிருக்க, முட்டியை லேசாக மடித்து, இடுப்பைப் பின்னால் தள்ளி வணங்க வேண்டும். கம்பு ஒரு இடத்திலும் விலகாமல் பத்து முறை வந்த பிறகு கைக்கு 5 கிலோ டம்பெல் கொடுங்கள். இந்த ஒரு பயிற்சி பழகிவிட்டால் காசிமேட்டில் அவருடைய இடுப்பு தப்பிக்கும். அதன் பின் 15 செ.மீ. பலகையில் ஏறி இறங்குதல், கடைசியாக இரண்டு கையிலும் 10 கிலோ பிடித்து நிமிர்ந்து 20 மீட்டர் நடை, நாலு தரம். முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றும் ஒரே செட், அடுத்த இரண்டு வாரம் இரண்டு செட், நடுவில் ஒன்றரை நிமிடம் ஓய்வு.

எவ்வளவு வெயிட் என்று கேட்டிருந்தால் கிலோக் கணக்கில் பதில் சொல்ல முடியாது. 15 முறை செய்து முடித்தபோது இன்னும் நாலைந்து முறை செய்ய முடியும் என்று தோன்றுகிற வெயிட் எதுவோ அதுதான் அவருக்கு ஆரம்ப வெயிட். அடுத்தடுத்த இரண்டு நாள் 15ஐயும் சுலபமாக முடித்தால் மேல் உடம்புக்கு இரண்டரை கிலோ, காலுக்கு ஐந்து கிலோ ஏற்றுங்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து 10, 12 முறை, மூன்று செட் என்று மாறலாம். அப்போதும் கடைசி இரண்டு முறை கையிருப்பில் இருக்க வேண்டும். மூச்சைப் பிடித்துத் தூக்கினால் அந்த நொடியில் பிரஷர் எகிறும். கனமான லெக் பிரஸ்ஸில் மிக அதிகமாக எகிறும். அதனால் லெக் பிரஸ்ஸை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீண்ட நேரம் பிளாங்க் (முழங்கை ஊன்றி உடம்பை நேராக வைத்திருப்பது) பிடிப்பதும் அதே வகைதான், வேண்டாம். முட்டி வலி பத்துக்கு 3 வரை இருந்து மறுநாளுக்குள் அடங்கினால் தொடரலாம். அடங்கவில்லை என்றால் பெஞ்சை இன்னும் உயர்த்துங்கள்.

முடிக்கும்போது சட்டென்று நிறுத்தக்கூடாது. கால் தசையில் தேங்குகிற ரத்தம் மேலே வராமல் தலை சுற்றும், அதை லோ சுகர் என்று நினைத்து குளுக்கோஸ் கொடுத்துவிடுவீர்கள். ஐந்து நிமிடம் மெதுவாக நடக்க வைத்து, பிறகு சுகர் பாருங்கள். சில நாள் தொடங்கும்போது 140 இருந்தது முடியும்போது 170 காட்டும். கஷ்டப்பட்டுத் தூக்கும்போது அட்ரினலின் கல்லீரலிலிருந்து சர்க்கரையை விடுவிக்கிறது, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அவர் பயந்துபோய்க் கூடுதலாக ஒரு மாத்திரை போட்டுவிடாமல் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கவலைப்பட வேண்டியது ராத்திரியைப் பற்றித்தான். மாலைப் பயிற்சிக்குப் பிறகு தூக்கத்தில் சுகர் இறங்கலாம். படுக்கும்முன் 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்கட்டும். ராத்திரி வேர்த்து விழித்துக்கொண்டால் வீட்டில் குளுக்கோஸ் எங்கே இருக்கிறது என்று அவர் மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஷூ இல்லாமல் பயிற்சி வேண்டாம். துறைமுகத்தில் ரப்பர் பூட்ஸுக்குள் மணிக்கணக்கில் ஈரத்தில் ஊறுகிற கால் அது. விரல் இடுக்கில் சேற்றுப்புண், மீன் முள் குத்தின காயம் எல்லாம் இருக்கும். உணர்வு மங்கிய காலுக்கு அது வலிக்காது, வலிக்காததால் புரையோடும். வாரம் ஒருமுறை காலைப் பார்த்துக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி முதல் எச்சரிக்கை: அரிசியை நிறுத்துங்கள் என்று சொல்லிவிடாதீர்கள். கிளிமிபிரைட் போடுகிறவர் திடீரென்று சாதத்தை விட்டால் அன்றைக்கு நடந்தது வீட்டிலேயே நடக்கும். மதியத் தட்டில் சாதத்தைக் கால் பங்கு குறைத்து, அந்த இடத்தில் கீரையோ, அவரையோ, புடலையோ பொரியலாக வைக்கட்டும். இரண்டு வாரம் சுகர் எப்படிப் போகிறது என்று பார்த்து டாக்டரிடம் சொல்லிவிட்டு அடுத்த கால் பங்கு. டீயில்தான் சுலபமான லாபம் இருக்கிறது. ஏலக்கடையில் ராத்திரி 2 மணியிலிருந்து ஆறு டீ குடித்தால், டீக்கு இரண்டு ஸ்பூன் என்று வைத்தாலும் 60 கிராம் சர்க்கரை, 240 கலோரி. ஒவ்வொரு வாரமும் ஒரு டீயைச் சர்க்கரை இல்லாததாக மாற்றட்டும். மாத்திரையை எந்தச் சாப்பாட்டோடு போடுவது என்று டாக்டர் சொன்ன பிறகு, அந்தச் சாப்பாடு தள்ளிப்போனால் மாத்திரையும் தள்ளிப்போக வேண்டும். இதை அவர் மனதில் பதிய வையுங்கள்.

புரதத்துக்கு இவரைவிடக் கொடுத்து வைத்தவர் யாரும் இல்லை, மீன் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் என்கிற நம் நாட்டுப் பரிந்துரைப்படியே 88 கிலோவுக்கு 73 கிராம் வருகிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் 80, 85 வரை போகலாம். 150 கிராம் மீனில் 30 கிராம், இரண்டு முட்டையில் 12, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12, மீதி இட்லி, பருப்பு, பாலில் வந்துவிடும். புரோட்டீன் டப்பா இவருக்குத் தேவையில்லை. மத்தியும் காணாங்கெளுத்தியும் வஞ்சிரத்தைவிட மலிவு, நல்ல கொழுப்பும் அதிகம். குழம்பாகவோ தவாவில் லேசாகவோ செய்தால் நல்லது, எண்ணெயில் முக்கிப் பொரிக்க வேண்டாம். கருவாட்டைப் பிரஷர் இருக்கும்வரை தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புதான் கணக்கு. கருவாட்டுக் குழம்பு ஒரே வேளையில் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

15 கிலோ விஷயத்தில் அவரிடம் நேராகப் பேசுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 88இல் 5 கிலோ குறைந்தாலே சுகரிலும் பிரஷரிலும் மாற்றம் தெரியும்; ஆறு மாதத்தில் 8, 9 கிலோ குறைந்தால் அது மிக நல்ல பலன். கல்யாணச் சட்டை பொருந்துவதைத் தராசைவிட இடுப்பு டேப்தான் சரியாகச் சொல்லும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சு விட்ட நிலையில், மாதம் இரு முறை அளந்து எழுதுங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. எடை குறையக் குறைய அதே மாத்திரை அதிகமாகிவிடும் என்பதால் மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்க்காமல் இருக்கக்கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக் காலம் 61 நாள். விசைப்படகு போகாததால் அவருடைய ராத்திரி வேலையும் குறையும், தூக்கம் சேரும், ஆனால் உடம்பு உழைப்பும் குறையும், நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற வாய்ப்பும் கூடும். அந்த இரண்டு மாதமும் தினமும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். லாரிப் புகைக்குள் வேண்டாம், ராயபுரம் ராபின்சன் பூங்கா மாதிரி உள்ளே தள்ளி இருக்கிற இடமாகப் பார்க்கட்டும்.

ஃபேட் பர்னர் வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது அதிக அளவு காஃபினும் அதைப் போன்ற தூண்டிகளும். ஒரு பக்கம் அடினோலால் இதயத்தை அடக்கப் பார்க்கும், இன்னொரு பக்கம் அந்த மாத்திரை விரட்டும், நடுவில் பிரஷர் ஏறும். வேர்க்க வைக்கிற இடுப்பு பெல்ட் தண்ணீரைத்தான் குறைக்கும். அவர் திரும்பத் திரும்பக் கேட்பார், ஏனென்றால் ஆறு மாதம் அவருக்குக் குறைவாகத் தெரிகிறது. "அண்ணே, கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி நீங்க கண் இருட்டி உட்காரக் கூடாது" என்று நேராகச் சொல்லுங்கள். டாக்டர் சீட்டோடு வருகிற நாள் வரைக்கும் அவருடைய மாதக் கணக்கை நிறுத்தி வைக்க ஓனரிடம் கேட்டுப் பாருங்கள். பணம் வீணாகிறது என்ற அவசரத்தில் அவர் நாளைக்கே வந்து லெக் பிரஸ்ஸில் உட்காராமல் இருப்பார்.